புழு போன வழி

நாலு மணி பத்துக்கு முதல் ஓ.டி.பி. வந்தது. ஆபீஸ் மேஜைமேல் குப்புறக் கிடந்த ஃபோன் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது. உத்திராபதி நிமிர்த்திப் பார்த்தார். ஆறு எண்கள். விருப்பப் பட்டியலை மாற்றுவதற்கான எண், பத்து நிமிடம் செல்லும், யாரிடமும் பகிர வேண்டாம். பகிர வேண்டாமாம். சொன்னவன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும், என்று ஃபோனைத் திரும்பக் குப்புறப் போட்டு, அதன்மேல் காகிதத்துக்குப் பாரமாக வைத்திருந்த கல்லையும் தூக்கி வைத்தார். கல்லை வைத்துவிட்டால் மட்டும் ஆச்சா, அடுத்த நிமிஷமே இலக்கியா கூப்பிட்டாள். "அப்பா, ஓ.டி.பி. வந்துச்சாப்பா?" பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தம், யாரோ யாரையோ நகரச் சொல்லுகிற சத்தம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர், அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், அம்மா மலர்க்கொடியின் ஃபோனை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். கேஸ், ரேஷன், பேங்க், பள்ளிக்கூடம், அந்த வீட்டில் எதுவானாலும் உத்திராபதியின் நம்பர்தான் கொடுத்திருக்கும். குடும்பத் தலைவர் என்றால் சும்மாவா. மகள் கல்லூரியில் சேருகிற விண்ணப்பத்துக்கும் அதுவேதான். "வரலம்மா," என்றார். வாய் தானாகச் சொன்னது, அவரைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. "டவர் இருக்காப்பா?" "எல்லாம் இருக்கு. வந்தா சொல்றேன், வை." முப்பது வருஷமாக நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதுகிற மனுஷன், ஒரு தேதி மாற்றி எழுதியதில்லை, ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. பெற்ற மகளிடம் எவ்வளவு சுலபமாக வருகிறது.

விஷயம் இதுதான். அஞ்சு மணிக்கு அந்த இணையதளத்தை மூடிவிடுவார்கள். மூடுகிற நேரத்தில் பட்டியலில் எது முதலில் நிற்கிறதோ அதுதான் படிப்பு. மார்க் கொட்டிக் கிடக்கிறது அவளுக்கு, முதலில் போட்டது கிடைக்காமல் போகாது. ஞாயிற்றுக்கிழமை உத்திராபதியே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பி.காம். முதலில், கல்லைப் படிக்கிற ஜியாலஜி கடைசியில் என்று ஏற்றவைத்தார். ஏற்றியது ஏற்றியபடி நிற்கும், யாராவது மாற்றி, இவர் ஃபோனுக்கு வருகிற எண்ணையும் போட்டால் ஒழிய. அவள் சொன்னபடி ஏற்றினாள், மூக்கு மட்டும் சிவந்திருந்தது. அப்போதே அவருக்குத் தெரியும், இவள் இத்தோடு விடமாட்டாள் என்று. இன்றைக்குக் காலையில் அவர் செருப்பை மாட்டும்போது கதவோரம் வந்து நின்றுகொண்டு, "சாயங்காலம் பட்டியல்ல ஒரு மாத்தம் பண்ணணும்ப்பா, ஓ.டி.பி. வரும், சொல்லுங்க" என்றாள். என்ன மாற்றம் என்று அவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, கல்லுப் படிப்பைத் தூக்கி மேலே வைக்கத்தானே. கடைசி ஒரு மணி நேரத்தில் வைத்துவிட்டால் அப்பன் என்ன பண்ணமுடியும் என்கிற கணக்கு. கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கண்டால்தான் அவருக்கு எரிகிறது. அவருக்குப் பதினேழு வயசில் அது இருந்ததா? அப்பா நீட்டின விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சோற்றுத்தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தவர்தானே அவர். குழம்புகூட ஞாபகம் இருக்கிறது, சுண்டைக்காய் வற்றல்.

"சார், உங்க ஃபோன் கத்துது," என்றார் பிலோமினா மேடம், அடுத்த மேஜையிலிருந்து, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே. இரண்டாவது எண். கல்லைத் தூக்கினால்தான் பார்க்கமுடியும், தூக்கினார், பார்த்தார், வைத்தார். விரல் தடிமனில் ஒரு சாண் நீளம், லேசாக வளைந்து, சாம்பலும் மஞ்சளுமாக ஒரு கல். இதை அவர் பன்னிரண்டு வயசில் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஓரத்தில் எடுத்தார். எடுத்த நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது, எலும்பு. டைனோசரின் விலா எலும்பு, குட்டி டைனோசராக இருக்கலாம். கடலாகக் கிடந்த இடம் அது, நத்தையும் சிப்பியும் கல்லாகி மண்ணில் கொட்டிக் கிடக்கும், எல்லாப் பையன்களும் அதைப் பொறுக்கினார்கள், எறிந்துவிட்டுப் போனார்கள். இவர் மட்டும்தான் எறியவில்லை. பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து, பஞ்சுமேல் இதை வைத்து, இரண்டு வீடு மாறி, கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவளுக்கு நாலு வயசில் மடியில் உட்காரவைத்து இதைக் காட்டினார். "இது என்ன தெரியுமா பாப்பா?" அவள் நக்கிப் பார்த்தாள். சிரித்தார் அப்போது. அவர்தான் ஆரம்பித்து வைத்தார், வேறு யாரைக் குற்றம் சொல்ல. அவர் காட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள், பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போய்விட்டாள். ஃபோன் அடித்தது. "வரலம்மா, நான் என்ன வச்சுக்கிட்டா இல்லேங்கறேன்?" "சரிப்பா, திரும்ப அனுப்பச் சொல்றேன்... அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா, வந்து..." "எல்லாம் வீட்ல பேசிக்கலாம், இங்க ஆள் நிக்கிது." ஆள் யாரும் நிற்கவில்லை, வெறும் பெஞ்சுதான் இருந்தது.

போன தை மாசம் அவள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. அவள் கல்லையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டி வைத்திருந்தாள். திருச்சியிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார் என்று கேள்விப்பட்டு உத்திராபதி அரைநாள் லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பேன்ட் பாக்கெட்டில் கைக்குட்டை சுற்றி இந்தக் கல்லை வைத்துக்கொண்டு போனார். யாருக்கும் சொல்லவில்லை, மலர்க்கொடிக்குக்கூட. அந்த ஆளிடம் ஒரு நிமிஷம் தனியாகக் காட்டவேண்டும், அவ்வளவுதான். அவர் புருவத்தைத் தூக்குவார், எங்கே எடுத்தீர்கள் என்பார், நாப்பது வருஷமாக வைத்திருக்கிறீர்களா என்பார். எத்தனை தடவை அந்த வசனத்தைப் பாத்ரூமில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். பேராசிரியர் வந்தார், இலக்கியாவின் பெட்டிக்கு முன்னால் நின்றார், நின்றவர் நகரவே இல்லை. ஒரு சீட்டைக் காட்டி, இது யார் சொல்லி எழுதினது என்று கேட்டார். நானேதான் சார், என்றாள். ஏன் அப்படி எழுதினே என்றார், அவள் சொன்னாள், இங்கே வரி இப்படிப் போகிறது, அங்கே அப்படிப் போகிறது என்று. உத்திராபதி பக்கத்திலேயே நின்றார், அவருக்கு வரி எதுவும் தெரியவில்லை, வெறும் கல்தான் தெரிந்தது. பேராசிரியர் இவர் பக்கம் திரும்பி, "நீங்க அப்பாவா? இந்தப் புள்ளைக்குக் கண்ணு இருக்குங்க, இது சொல்லிக்குடுத்து வர்றதில்ல" என்றார். எல்லா அப்பனுக்கும் அந்த இடத்தில் நெஞ்சு நிமிரும். உத்திராபதிக்குப் பாக்கெட்டில் இருந்த கல் தொடையை அழுத்தியது. சொல்லிக்குடுத்து வர்றதில்லையாம். அப்போ நான் சொல்லிக்கொடுத்தது? நக்கிப் பார்த்த நாளிலிருந்து நான் சொன்னது? சிரித்து, கும்பிட்டு, வெளியே வந்து, கல்லை எடுக்காமலே சைக்கிள் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட முடிந்தால்தானே. அன்றைக்குச் சாயங்காலமே கல்லை அவளிடம் நீட்டினார், கேட்பது தெரியாமல் கேட்கிற குரலில், ஆமா, இதை மட்டும் நீ சீட்டு எழுதி வைக்கவே இல்லையே என்று. அவள் ஜன்னலோரம் கொண்டுபோனாள். உடைந்த முனையை வெளிச்சத்தில் திருப்பினாள், நகத்தால் சுரண்டினாள். இரண்டு நிமிஷம் ஆகியிருந்தால் அதிகம். "இது எலும்பு இல்லப்பா." எலும்பில்லாமல் வேறென்ன? "எலும்புன்னா உள்ள பொடிப்பொடியா ஓட்டை இருக்கும்ப்பா. இதுல பாருங்க, உள்ளயும் வெளியயும் ஒரே மண்ணு. கடலுக்கு அடியில ஏதோ புழு மாதிரி ஒண்ணு குடைஞ்சுக்கிட்டுப் போயிருக்கு, அந்த வழியில மண்ணு அடைஞ்சு இறுகிப்போச்சு." "அப்போ புழுவா?" "புழுகூட இல்லப்பா. அது போன வழி மட்டும்தான்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவள், அவசர அவசரமாக, "ஆனா இதுவும் முக்கியம்தான்ப்பா, இதப் பத்தியே ஆராய்ச்சி பண்றாங்க" என்றாள். அந்த ஆறுதல் இருக்கிறதே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நாப்பது வருஷம். பஞ்சு மாற்றி மாற்றி வைத்தது ஒரு ஓட்டையை. மறுநாள் அதை ஆபீசுக்குக் கொண்டுவந்து காகிதம் பறக்காமல் இருக்க வைத்தார், பிலோமினா மேடம் இதென்ன சார் என்றதற்கு, சும்மா, கல், என்றார்.

மூன்றாவது எண் வந்தபோது நிஜமாகவே ஆள் நின்றார்கள். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, அவள் தோளில் தூங்குகிற குழந்தை. பெயர் பதியவேண்டும். படிவத்தில் பெயர் எழுதி அடித்து, வேறு எழுதி அதையும் அடித்திருந்தது. "என்னங்க இது?" என்றார். "அவருக்கு ஒண்ணு புடிக்குது சார், எனக்கு ஒண்ணு புடிக்குது," என்றாள் அந்தப் பெண். "புள்ளைக்கு எது புடிக்கும்னு அதுக்குத் தெரியறதுக்கு முன்னாடி ஒண்ணை முடிவு பண்ணுங்க. வெளிய பெஞ்சுல உக்காந்து பேசிட்டு வாங்க." அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். ஃபோன் கல்லுக்கு அடியில் அடித்து அடித்து நின்றது. எடுக்கவில்லை. மணி நாலு முப்பத்தெட்டு.

அவர் சொல்வதில் நியாயம் இல்லையா என்ன? நியாயம் வண்டி வண்டியாக இருக்கிறது. ஜியாலஜி படித்த ஒருத்தன் எதிர்வீட்டில் இன்சூரன்ஸ் பிடிக்க அலைகிறான். பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் குவாரியில் வெயிலில் நிற்கவேண்டும், லாரிக்காரன் பேச்சைக் கேட்கவேண்டும், ஊர் ஊராகப் போகவேண்டும். பி.காம். என்றால் பேங்க் பரீட்சை எழுதலாம், குரூப் பரீட்சை எழுதலாம், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, மாசம் பிறந்தால் சம்பளம், அதில் என்ன குறை, அந்த நாற்காலிதானே அவளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது, பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தது. ஆசையை வைத்துக்கொள், வேண்டாம் என்றா சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள். இதெல்லாம் யார் குரல்? சிமென்ட் ஆலையில் மூட்டை பிடிக்கிற பிரிவில் இருந்த அவர் அப்பா, இமை மயிர்வரை சாம்பல் படிந்து வந்து உட்கார்ந்து, இவர் டின்னைக் காலால் ஒதுக்கிவிட்டுச் சொன்னது: "வீட்டுக்கு ஒருத்தன் கல்லோட மாரடிச்சாப் போதும். கல்லை நான் பாத்துக்கறேன். நீ காயிதத்தைப் பாரு." அந்த மனுஷனுக்காவது சொல்ல ஒரு உரிமை இருந்தது, கல் அவர் நெஞ்சுக்குள்ளேயே போய் உட்கார்ந்து இருமவைத்தது. அவர் மகனுக்கு வேண்டாம் என்றது பயத்தில். உத்திராபதி வேண்டாம் என்பது எதில்? சொல்லு பார்ப்போம், உத்திராபதி, இங்கே யாரும் கேட்கவில்லை. பயமா? பயமும்தான், ஒரு கால்வாசி. மீதி முக்கால் என்ன? அவள் திருச்சிக்குப் போவாள், அந்தப் பேராசிரியர் கரும்பலகையில் வரைவார், அவள் சுத்தியல் வாங்குவாள், மலை மலையாகப் போவாள், ஒரு நாள் நிஜமான எலும்பை எடுப்பாள், கையில் வைத்துக்கொண்டு போட்டோ அனுப்புவாள், அப்பா பாருங்க, எலும்பு, உள்ளே ஓட்டை இருக்கு பாருங்க. இவர் இந்த மேஜையில் யாரோ செத்த தேதியை எழுதிக்கொண்டே அதைப் பார்க்கவேண்டும். பொறாமை. அட, அதுதான். வேறு பெயர் என்ன சொல்லி ஏமாற்றினாலும் அதுதான். பக்கத்து வீட்டுக்காரன்மேல் வந்தால் ஊர் சிரிக்கும், பெற்ற மகள்மேல் வந்திருக்கிறது, இதை எங்கே போய்ச் சொல்வது, எந்தக் கோயிலில் கொண்டுபோய் இறக்குவது. இலக்கியா பிறந்தபோது அவர் கையால்தான் இந்தப் பதிவேட்டில் அவள் பெயரை எழுதினார், எழுத்து சரியாக வரவேண்டுமென்று புதுப் பேனா வாங்கி. அந்தக் கைதான் இது, ஃபோன்மேல் கல்லை அழுத்திக்கொண்டிருப்பது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு நாலாவது எண். இந்தத் தடவை கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். ஏழு மூன்று பூஜ்யம் ஒன்பது ஒன்பது நாலு. மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், பிசகாமல் வந்தது. ஐந்து விநாடி போதும் சொல்வதற்கு, சொல்லிவிட்டால் அவள் போய்விடுவாள், சொல்லாவிட்டால் இந்த ஊரில் இருப்பாள், வீட்டிலிருந்து காலேஜுக்குப் போய் வருவாள், இவரைப்போலவே அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளாக ஆவாள், இரண்டு பேரும் சேர்ந்து டின்னைத் திறந்து பார்க்கலாம். சமமாகிவிடும். ச்சீ, என்ன நினைப்பு இது. சொல்லிவிடு. அவள் கூப்பிட்டாள். "அப்பா, இதான் கடைசி. வந்திருச்சாப்பா?" குரல் உடைந்திருந்தது. "அப்பா, ப்ளீஸ்ப்பா, நல்லாப் பாருங்க." ஏழு, என்று நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் ஒரு நாளும் தன் அப்பாவிடம் இப்படிக் கெஞ்சியதில்லை. கெஞ்சலாம் என்றே தெரியாது. இவளுக்குக் கெஞ்சத் தெரிகிறது, அழத் தெரிகிறது, நாலு தடவை கேட்கத் தெரிகிறது, அதெல்லாம் எங்கிருந்து வந்தது, கேட்டால் கிடைக்கும் என்று பழக்கிவைத்தது யார், நான்தானே, எனக்கு யார் பழக்கினார்கள்? "வரலம்மா," என்றார். அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிலோமினா மேடம் கைப்பையை மூடினார், தண்ணீர் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து மிச்சத்தைக் குடித்தார், வர்றேன் சார் என்றார். உத்திராபதி தலையை ஆட்டினார். பெரிய முள் பன்னிரண்டுக்கு வந்தது, அதைத் தாண்டியும் போனது. ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்தவன் இப்படியா இருப்பான், ஆபீஸ் விட்டும் வீட்டுக்குக் கிளம்பாமல்.

அஞ்சு மணி நாலுக்கு ஃபோன். எடுக்காமல் இருக்கலாம், எடுத்தார். திட்டட்டும். "அப்பா," என்றாள், அழுதுகொண்டிருந்தாள், நடுவில் சிரிக்கிற மாதிரியும் இருந்தது. "மூடிருச்சுப்பா." "ம்." "அப்பா, நான் உங்களுக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன்ப்பா." அவருக்கு விளங்கவில்லை. "திங்கக்கிழமை காலைல நீங்க குளிச்சிட்டிருந்தப்பவே நான் பட்டியல மாத்திட்டேன். ஜியாலஜிய முதல்ல போட்டுட்டேன். அம்மாதான் உங்க ஃபோன்ல நம்பர் பாத்துச் சொன்னுச்சு, மெசேஜையும் அழிச்சிருச்சு. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கலப்பா. உங்கள ஏமாத்திட்டு என்ன படிச்சு என்ன ஆகப்போவுதுன்னு, திரும்ப பி.காம்.ம மேல ஏத்தத்தான் இன்னைக்கு வந்தேன். அதுக்குத்தான் ஓ.டி.பி. கேட்டேன்." உத்திராபதி ஃபோனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். "ஆனா இங்க கம்ப்யூட்டர்ல காட்டுதுப்பா. நாலு தடவையும் உங்க ஃபோனுக்குப் போய்ச் சேந்துருச்சுன்னு காட்டுது. சென்டர் அக்காவும் பாத்தாங்க. வந்துச்சு, நீங்க சொல்லல." மாட்டிக்கொண்டோம் என்று கண்ணை மூடினார். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? அம்மா சொல்லிருச்சுல? நான் பயந்து மாத்திரக் கூடாதுன்னுதானே வரலன்னு வரலன்னு சொன்னீங்க? இப்ப அம்மாவுக்குப் போன் போட்டேன், பக்கத்து வீட்டு நம்பர்ல, சத்தியமா நான் சொல்லலடின்னு என்னமா நடிக்கிது. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு... அப்பா? இருக்கீங்களா?" "இருக்கேன்." "எந்த அப்பாப்பா இப்படிப் பண்ணுவாங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். கதவில் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் படிவத்தோடு வந்து நின்றார்கள், ஒரு பெயரை முடிவு பண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது, நேரமாச்சு என்று தெரிந்தும் கெஞ்சுகிற முகத்தோடு நின்றார்கள். "ம்," என்றார் உத்திராபதி ஃபோனில். "சரி, அழுவாதே. வீட்டுக்குப் போ. நான் வர்றேன்." வைத்தார். வெளியே நின்றவர்களை உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, பதிவேட்டை இழுத்துத் திறந்தார், பேனா மூடியைக் கழற்றினார், எழுத முடியவில்லை, கண் மறைத்தது. அந்தப் பெண், சார் உடம்புக்கு என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றார். திருச்சியும் பேராசிரியரும் சுத்தியலும் மலையும் எலும்பும் எல்லாம் போகட்டும், அதெல்லாம் அவளுக்குக் கிடைக்கட்டும், அது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னாளே ஒரு ஆளைப் பற்றி, மகளுக்காக மூன்று தடவை பொய் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், அந்த ஆளை நினைக்க நினைக்கத்தான் அவருக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்து எரிந்து வந்தது. கொடுத்து வைத்தவள். எனக்கு வாய்க்கலையே அப்படி ஒரு அப்பன்.